பேர் கூப்பிடுற நேரம்

எங்க மாமியாரை அந்த வீட்டுல யாரும் அம்மான்னோ மாமின்னோ கூப்பிட்டு நான் கேட்டதில்ல. பெத்த பிள்ளைங்களுக்கும் டீச்சர்தான், கட்டின புருஷனுக்கும் டீச்சர்தான், மாட்டுக்கொட்டாய்க்காரங்களுக்கும் கீரைத் தோட்டத்துச் சீனருக்கும் டீச்சர்தான். ஞானஸ்நானத்துல வச்ச பேர்னு ஒண்ணு இருந்துச்சு. அதை எழுத்துல நான் பாத்தது கல்லறைச் சிலுவையிலதான். அதனால இங்கயும் டீச்சர்னே சொல்லிட்டுப் போறேன்.

இப்ப ஆங் மோ கியோன்னா உங்களுக்கு அடுக்குமாடி வீடுதான் ஞாபகம் வரும். நான் வாழப் போனப்ப அங்க ரப்பர் மரமும் செம்மண் பாதையும்தான். நான் ஜாலான் புசார்ல, கடைவீட்டு மாடியில, பஸ் சத்தத்துக்கு நடுவுல வளந்தவ. "நல்ல வேதக்காரக் குடும்பம்டி, மாமியார் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், மாமனார் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி"ன்னு எங்கம்மா அளந்து விட்டாங்க. போய்ப் பாத்தா வீட்டுக்குப் பின்னாலயே மாடு கத்துது. தண்ணிக்குக் கிணறு, வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு. எங்கம்மாவை மனசுக்குள்ள நல்லா திட்டினேன்.

கல்யாணத்தன்னைக்கே ஆரம்பிச்சுடுச்சு. டவுன் மாதா கோயில்ல பூசை முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, வாடகை லோரியில ஏத்தி அந்தக் காட்டுக்குள்ள கொண்டுவந்து இறக்கினாங்க. பொழுது சாயுற நேரம். மாதா சுரூபத்துக்கு முன்னால விளக்கேத்திப் பாய் விரிச்சு எல்லாரும் வரிசையா உக்காந்தாங்க. செபமாலை சொல்லப்போறாங்கன்னு நானும் பட்டுச்சேலை கசங்க உக்காந்தேன். டீச்சர் செபமாலையைக் கையில எடுக்கல. முதுகை நிமித்தி வச்சுக்கிட்டு, வகுப்புல கூப்பிடுற குரல்ல ஆரம்பிச்சாங்க.

"வீட்டுத் தலைவர்!"

மாமா தலையைத் தூக்காம "ம்"ன்னார். புருஷன் பேரை வாயால சொல்ல முடியாதுல்ல, அதனால அவருக்கு அந்தப் பட்டம்.

"அந்தோணி!"

"உள்ளேன் டீச்சர்." சொன்னது யாருன்னா, காலையில எனக்குத் தாலி கட்டினவர். கோட்டுகூட இன்னும் கழட்டல.

"செசிலி!"

"உள்ளேன் டீச்சர்." இது என் நாத்தனார். ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, சிரிப்பை அடக்கிட்டு, என்னையே பாத்துட்டிருந்தா.

"ரீத்தா!"

அது நான்தான். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. "இருக்கேன்லா"ன்னுட்டேன். செசிலி பாயில கவுந்து சிரிச்சா. டீச்சர் சிரிக்கல. "உள்ளேன் டீச்சர்னு சொல்லணும்மா. லா வேணாம்"னு சொல்லிட்டு, அதுக்கப்புறந்தான் சிலுவை போட்டு செபமாலையைத் தொடங்கினாங்க. வந்து மாட்டிக்கிட்டோம்டான்னு நினைச்சேன்.

அந்த வீட்டு வழக்கத்தை இங்கயே சொல்லிடறேன், பின்னால வேணும். செபமாலைக்கு முன்னால, உயிரோட இருக்கிறவங்க பேரெல்லாம் கூப்பிடுவாங்க. ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும். அப்புறம் செபமாலை. அதுல அஞ்சு தேவ இரகசியம், ஒவ்வொண்ணையும் ஒருத்தர் முன்னால சொல்லணும், அஞ்சு பேருக்குப் பங்கு. முதலாவது மாமா, ரெண்டாவது டீச்சர், மூணாவது அந்தோணி, நாலாவது புதுசா வந்த நான், அஞ்சாவது செசிலி. எல்லாம் முடிஞ்ச பிறகு, உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கிற ஆத்துமாக்களுக்குன்னு செத்தவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லி வேண்டிக்குவாங்க. இருக்கிறவங்க முன்னால, போனவங்க பின்னால. இது மாறவே மாறாது.

பள்ளிக்கூடத்துலயும் இதே கதைதான். பள்ளிக்கூடம்னா தகரக் கூரை போட்ட ஒரே அறை. பால்மரம் வெட்டுறவங்க பிள்ளைங்க, மாடு வச்சிருக்கிறவங்க பிள்ளைங்க எல்லாம் ஒண்ணா உக்காந்திருக்கும். காலையில பேர் கூப்பிட்டு யாராவது பதில் சொல்லலைன்னா, டீச்சருக்கு அன்னைக்கு முழுக்க மனசு ஆறாது. பள்ளிக்கூடம் விட்டதும் கறுப்புக் குடையை எடுத்துக்கிட்டு அந்தப் பிள்ளை வீட்டுக்கு நடப்பாங்க. சேறா இருந்தாலும் சரி, நாய் குரைச்சாலும் சரி. போய் யாரையும் திட்டமாட்டாங்க. குடுக்கிற கோப்பியைக் குடிச்சுட்டு, "நாளைக்குப் பேர் கூப்பிடுறப்ப இவ இருக்கணும்"னு மட்டும் சொல்லிட்டு எழுந்து வந்துடுவாங்க. இதுக்குத் திட்டு வாங்குறதே மேல்னு அந்தப் பொம்பளைங்க எங்கிட்டயே சொல்லியிருக்காங்க.

ஒருதடவை மாட்டுக்காரர் பொண்ணு ஒருத்தி வரல. தாய்க்காரி புல்லறுக்கப் போகணும், கைக்குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்ல. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? மறுநாள் காலையில அந்தக் குழந்தையைத் தானே தூக்கிட்டு வந்து, பள்ளிக்கூடத்து உத்தரத்துல சேலையில தூளி கட்டிப் போட்டுட்டாங்க. அதோட விட்டாங்களா? குழந்தை பேரையும் சேத்துக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. "மாரிமுத்து!"ன்னா அக்காக்காரி எழுந்து, "உள்ளேன் டீச்சர், தூங்குறான் டீச்சர்"னு பதில் சொல்லணும்.

அந்த நேரம் பாத்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து நின்னார். "இது யாரம்மா மாரிமுத்து? கணக்குல இல்லையே"ன்னு கேட்டாராம். டீச்சர் உதட்டுல விரலை வச்சு, "சார், மெதுவா. இப்பதான் கண்ணசந்தான்"னாங்களாம். மனுஷன் பூனை நடை நடந்து வெளியில போனார்னு செசிலி நடிச்சுக் காட்டுவா. எனக்கு வயித்து வலியே வந்துடும்.

செசிலி இருந்த வரைக்கும் அந்த வீட்டுல சிரிப்புக்குப் பஞ்சமே இல்ல. ஒரு வருஷம் திருநாள் முடிஞ்சு, லோரி பிடிச்சு எல்லாரும் சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். திரும்புறப்ப டீச்சர் லோரிக்கு முன்னால நின்னு பேர் கூப்பிடாம வண்டியை எடுக்க விடல. பக்கத்து வீட்டு ஆளுங்க, லோரிக்கார மலாய்க்காரர், யாரையும் விடல. "வீட்டுத் தலைவர்!"னாங்க. பதில் இல்ல. மறுபடி, இன்னும் சத்தமா. தாழம்புதருக்குப் பின்னாலேருந்து, "வர்றேன் இரு! ஒரு மனுஷன் ஒண்ணுக்குக்கூடப் போகக்கூடாதா?"ன்னு மாமா கத்தினார். எல்லாரும் சிரிச்ச சிரிப்புல லோரியே குலுங்கிச்சு. டீச்சர் மட்டும், "அதுக்கும் உள்ளேன்னு சொல்லலாம்"னாங்க.

எனக்கு இந்தப் பேர் கூப்பிடுற வேலை பிடிக்கவே பிடிக்காது. என்ன இது, வீடா ஜெயிலான்னு என் வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். முதல் வருஷத்துலயே ஒருநாள் அவர்கிட்ட மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு, பெட்டியை எடுத்துட்டு ஜாலான் புசாருக்குப் பஸ் ஏறிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல அம்மா வீட்டுல இருந்தேன். திரும்பி வந்தப்ப டீச்சர் ஏன் போனே, எதுக்கு வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. சாயந்திரம் "ரீத்தா!"ன்னாங்க, "உள்ளேன் டீச்சர்"ன்னேன், அவ்வளவுதான்.

செசிலிதான் சமையல்கட்டுல சொன்னா. "அண்ணி, நீங்க இல்லாதப்ப டீச்சர் தினமும் உங்க பேரைக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டுட்டு, நீங்க பதில் சொல்ற அளவுக்கு நேரம் விட்டாங்க. அப்புறந்தான் அடுத்ததுக்குப் போனாங்க. அந்த இடத்துல அண்ணன் முகத்தைப் பாக்கணுமே!"

எனக்குச் சிரிப்பு வரல. நான் இல்லாத வீட்டுல என் பதிலுக்குன்னு இடம் விட்டு வச்சிருந்தாங்கன்னு கேட்டதும், கையில இருந்த பாத்திரத்தைக் கீழ வச்சுட்டு அங்கயே உக்காந்துட்டேன். அன்னையிலிருந்து அந்தப் பேர் கூப்பிடுறதை நான் குறை சொல்றதில்ல.

தெரேசா அத்தை கதையை இங்க சொல்லணும். அவங்க மாமாவோட தங்கச்சி. வேற மதத்துக்காரரைக் கட்டிக்கிட்டு ஈப்போவுக்குப் போயிட்டாங்க. அப்ப மாமாவோட அம்மா உயிரோட இருந்தாங்க, அவங்க வச்சதுதான் அந்த வீட்டுல சட்டம். "இனிமே அவ செத்தவ"ன்னு சொல்லி, செபமாலைக்கு அப்புறம் சொல்ற ஆத்துமாக்கள் பேரோட தெரேசா பேரையும் சேத்துட்டாங்க. டீச்சர் அப்ப புது மருமக. வாயைத் திறக்க முடியல, கூட சேந்து சொல்லியிருக்காங்க. விவரம் தெரியாத செசிலியும் பிள்ளையிலேருந்து, "தெரேசா அத்தை ஆத்துமா சாந்தியடைய"ன்னு கைகூப்பி வேண்டிக்கிட்டே வளந்திருக்கா.

ஒருநாள் ஈப்போக்காரர் ஒருத்தர் வந்து முன் வராந்தாவுல உக்காந்துகிட்டு, "தெரேசா எல்லாரையும் விசாரிச்சுச்சு. இப்பதான் மூணாவது குழந்தை"ன்னாராம். செசிலி பயந்து வீறிட்டுட்டா. செத்தவங்களுக்கு எப்படிக் குழந்தை பிறக்கும்னு, பிள்ளைக்குக் காய்ச்சலே வந்துடுச்சு. பிற்பாடு அந்த அத்தை நிஜமாவே செத்துப்போனாங்க. சேதி வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. இந்த வீட்டுலேருந்து ஒருத்தரும் போய் முகம் பாக்கல.

அப்பேர்ப்பட்ட வீட்டுல செசிலி என்ன பண்ணினா? டவுன்ல தையல் வகுப்புக்குப் போன இடத்துல, அச்சுக்கூடத்துல எழுத்துக் கோக்கிற ஒரு பையனைப் பிடிச்சுப்போச்சு. நல்ல பையன், இந்து. கோயில் கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல, பதிவு பண்ணிக்கிட்டு அவனோட ஜொகூருக்குப் போயிட்டா. சேதி தெரிஞ்ச அன்னைக்கு மாமா ஆடின ஆட்டம் இருக்கே, மாதாவே! "எனக்குப் பொண்ணு செத்துட்டா. இனிமே அவ என் வாசப்படியை மிதிக்கக்கூடாது. அவ வாசலை நீயும் மிதிக்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு"ன்னு டீச்சரை இழுத்துட்டுப் போய் சுரூபத்துக்கு முன்னால நிறுத்தினார்.

டீச்சர் சத்தியம் பண்ணிட்டாங்க. எனக்கு அவங்க மேல வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. ஊரான் பிள்ளை ஒருநாள் வரலைன்னா குடையைத் தூக்கிக்கிட்டு ஓடுறவங்க, பெத்த பிள்ளையைத் தேடிப் போகமாட்டேன்னு சத்தியம் பண்றாங்களேன்னு, சட்டியை டங்கு டங்குன்னு வச்சேன்.

சாயந்திரம் விளக்கேத்தினாங்க. பாய் விரிச்சாங்க.

"வீட்டுத் தலைவர்!"

"ம்."

"அந்தோணி!"

"உள்ளேன் டீச்சர்."

"செசிலி!"

டீச்சர் மாதா சுரூபத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தாங்க, ஒரு பதில் சொல்ற நேரம்.

"நிறுத்து!"ன்னார் மாமா. "செத்தவ பேரை அங்க சொல்லாத. சொல்லணும்னா கடைசியில சொல்லு."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாங்க. குரலை உசத்தல. "வாசலை மிதிக்கக்கூடாதுன்னீங்க, சத்தியம் பண்ணிட்டேன், மிதிக்கமாட்டேன். பேரைக் கூப்பிடாதன்னு நீங்க சத்தியம் கேக்கல. உயிரோட இருந்த பிள்ளைக்கு ஒருதடவை ஆத்துமா செபம் சொல்லியிருக்கேன். இன்னொரு தடவை இந்த வாயால சொல்லமாட்டேன். செசிலி பேர் இருக்கிற இடத்துலதான் இருக்கும்."

அப்புறம் திரும்பி, "ரீத்தா!"ன்னாங்க. நான் போட்ட சத்தத்துல மாட்டுக்கொட்டாய்ல மாடெல்லாம் முழிச்சிருக்கும். "உள்ளேன் டீச்சர்!"

அன்னைக்கு அஞ்சாவது தேவ இரகசியம் வந்தப்ப சொல்ல ஆள் இல்ல. சங்கடமான நேரம். மாமாவே முந்திக்கிட்டு வெடுக்குன்னு சொல்லி முடிச்சார். அதுக்கப்புறம் அதை அவரே எடுத்துக்கிட்டார். பாயில செசிலி உக்கார்ற இடம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவுல. அதுல யாரும் நகந்து உக்காரல.

இப்படியே போச்சு. எனக்கு புஷ்பம் பிறந்தா, அவ பேரும் வரிசையில சேந்துச்சு. செசிலிகிட்டேருந்து ஒரு தகவலும் இல்ல. என் வீட்டுக்காரர் ஜொகூருக்குப் போய்த் தேடிப் பாத்தார். அவங்க வீடு மாத்திக்கிட்டு எங்கயோ போயிட்டாங்களாம். தினமும் சாயந்திரம் டீச்சர் கூப்பிடுவாங்க, ஒரு பதில் சொல்ற நேரம் விடுவாங்க, அடுத்ததுக்குப் போவாங்க. அந்தச் சின்ன இடைவெளியில மாமா கண்ணை மூடிக்குவார். கோவத்துலயா, என்னன்னு எனக்குப் புரியல. இந்தப் பொண்ணு ஏன் ஒருதடவைகூட எட்டிப் பாக்கலன்னு எனக்கு அவ மேலயும் எரிச்சல் வந்துச்சு.

நாங்க மலேசியாவோட சேர்றதுக்குக் கொஞ்சம் முந்தி. ஒரு ஞாயித்துக்கிழமை டவுன் கோயில்ல பூசை முடிஞ்சு, மீன் வாங்கத் தேக்கா பாசாருக்குப் போனேன். டீச்சரும் மாமாவும் புஷ்பத்தோட பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாங்க. மீன்கடையில முன்னால நின்னு நண்டு விலை பேசிட்டிருந்த பொண்ணு குரல் தெரிஞ்ச குரலா இருந்துச்சு. இடுப்புல குழந்தை. திரும்பினா. செசிலி!

"அண்ணி"ன்னா. முகம் அப்படியே வெளுத்துப்போச்சு.

நான் கட்டிப்பிடிச்சுட்டேன், மீன் தண்ணியெல்லாம் அவ மேல. எங்கடி இருக்கேன்னு கேட்டா, காத்தோங்ல, பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துலயாம். வந்து ரொம்ப மாசம் ஆச்சாம். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "காத்தோங்லேருந்துகிட்டு ஒருதடவை வீட்டுப் பக்கம் வரத் தெரியலையா உனக்கு? பெத்தவங்க இருக்காங்களா போயிட்டாங்களான்னு பாக்கவேணாமா?"

அவ சிரிச்சா. பழைய சிரிப்பு இல்ல. "அவங்க இருக்காங்க அண்ணி. நான்தான் செத்துட்டேனே. செத்தவ எப்படி வீட்டுக்கு வர்றது?"

"என்னடி பேச்சு இது?"

"ஜொகூர்ல நம்ம கோயில் பீட்டர் சம்சாரத்தைப் பாத்தேன். உங்க வீட்டுல தினமும் செபத்துல உன் பேரைச் சொல்றாங்கன்னு அது சந்தோஷமா சொல்லுது. எனக்குத் தெரியாதா, எந்த இடத்துல சொல்றாங்கன்னு? தெரேசா அத்தைக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அத்தை பேருக்கு அடுத்து என் பேரா? அதையும் டீச்சர் வாயாலேயே சொல்றாங்களே அண்ணி!"

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. இத்தனை வருஷமா இந்தப் பைத்தியம் தன் பேர் ஆத்துமாக்களோட கிடக்குன்னு நினைச்சுக்கிட்டு அழுதிருக்கு. வேற எந்த வீட்டுப் பொண்ணுக்கும் இப்படித் தோணாது. அந்த வீட்டுல வளந்தவளுக்குத்தான் தோணும்.

"அடியே கூறுகெட்டவளே!"ன்னேன். பாசாரே திரும்பிப் பாத்துச்சு. "முன்னாலடி! முன்னால! உங்கண்ணனுக்கு அடுத்து, எனக்கு முந்தி, எப்பவும் உள்ள இடத்துல! உங்கப்பா கத்தினதுக்குக்கூட மாத்தலடி. கூப்பிட்டுட்டு உன் பதிலுக்கு நேரம் வேற விடுறாங்க. நீதானேடி எனக்குச் சொன்னே, நான் கோவிச்சுக்கிட்டுப் போனப்ப?"

"உங்க கதை வேற அண்ணி. நீங்க கோவிச்சுக்கிட்டுத்தானே போனீங்க. நான் அத்தை மாதிரி போனவ. அப்பா விட்டிருக்கமாட்டாரேன்னு..." குழந்தையோட தோள்ல முகத்தை வச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. மீன்கடைச் சீனர் "கெசியான், கெசியான்"னு பரிதாபப்பட்டு, உக்காரத் தன் முக்காலியை இழுத்துப் போட்டார். நானும் அழுதேன், ஆனா எனக்கு அது சந்தோஷ அழுகை. இவ்வளவுதானா சங்கதி, இது சரி பண்ணிடலாம்னு நெஞ்சுல இருந்த பாரமெல்லாம் இறங்கிப்போச்சு.

"அப்பா வாசப்படியை மிதிக்கக்கூடாதுன்னாரே"ன்னா அவ.

"மிதிக்காத. பின்னால, சமையல்கட்டுப் படிக்குக் கீழ நில்லு. நின்னு பதில் மட்டும் சொல்லு. மிச்சத்தை மாதா பாத்துக்குவாங்க. வியாழக்கிழமை வா."

"ஏன் வியாழக்கிழமை?"

"வான்னா வா."

வியாழக்கிழமைன்னா சந்தோஷ தேவ இரகசியம். அதுல அஞ்சாவது, காணாமப்போன சேசு பாலனைக் கோயில்ல கண்டுபிடிச்சது. அந்த வீட்டுல அத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், எனக்கும் கொஞ்சம் நாடகம் தெரியும். வீட்டுல யாருக்கும் மூச்சு விடல. என் வீட்டுக்காரர்கிட்டயும்தான். அவர் வாயில ஒரு சேதியும் தங்காது.

வியாழக்கிழமை எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அரிசியைக் களைஞ்சு அடுப்புல ஏத்திட்டுப் பாயில வந்து உக்காந்தேன். சமையல்கட்டுக் கதவைத் திறந்தே வச்சிருந்தேன். வெளியில ஒரு சத்தமும் இல்ல. வரலையோ? பஸ் கிடைக்கலையோ? வந்து பயந்து திரும்பிட்டாளோ?

"வீட்டுத் தலைவர்!"

"ம்."

"அந்தோணி!"

"உள்ளேன் டீச்சர்."

"செசிலி!"

மாமா கண்ணை மூடிக்கிட்டார். டீச்சர் வழக்கம்போல சும்மா இருந்தாங்க. ஒரு பதில் சொல்ற நேரம் போச்சு. ஒண்ணுமில்ல. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. என் பேரைச் சொல்ல டீச்சர் வாயைத் திறந்துட்டாங்க.

"உள்ளேன் டீச்சர்."

சமையல்கட்டுக்கு வெளியிலேருந்து. குரல் உடைஞ்சு, பாதி காத்துதான் வந்துச்சு.

யாரும் திரும்பல. டீச்சரும் திரும்பல. "ரீத்தா!"ன்னாங்க, அதே குரல்ல. "உள்ளேன் டீச்சர்"ன்னேன். "ரீத்தா!"ன்னாங்க மறுபடியும். பேர் கூப்பிடுறதுல அவங்க தப்பு பண்ணி நான் பாத்ததேயில்ல. நான் மறுபடியும் உள்ளேன்னேன். புஷ்பம் பேரைக் கூப்பிட்டு முடிச்சு, செபமாலையை எடுத்தாங்க.

மாமா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன். அவர் எழுந்திரிக்கல. முதலாவது சொன்னார். டீச்சர் ரெண்டாவது, அந்தோணி மூணாவது, நான் நாலாவது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் எங்களோட சேந்து, வெளியிலேருந்து ஒரு குரலும் பதில் சொல்லிட்டே வந்துச்சு.

அஞ்சாவது வந்துச்சு. மாமா சொல்லணும். சொல்லல. விரலால மணியை உருட்டிக்கிட்டே இருந்தார். போச்சுடா, இப்ப கத்தப்போறார்னு நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"அஞ்சாவது என்னுது இல்ல"ன்னார், மாதா சுரூபத்தைப் பாத்தபடியே. "யாரோடதோ அவங்க உள்ள வந்து சொல்லட்டும். வெளியில நின்னு சொன்னா எனக்குக் காது கேக்காது."

படியேறி வந்தா. காலெல்லாம் செம்மண். எங்களுக்கு நடுவுல இருந்த இடத்துல வந்து முழந்தாள் போட்டா. ஒரு கையில குழந்தை, செபமாலையைப் பிடிக்க இன்னொரு கை பத்தல. மாமா அவ முகத்தைப் பாக்காமலே ரெண்டு கையையும் நீட்டினார். குழந்தையைக் குடுத்தா. அதை வாங்கி மடியில படுக்க வச்சுக்கிட்டார். காணாமப்போன பாலனைக் கண்டடைஞ்சதை அவளால முழுசா சொல்ல முடியல. விட்ட வார்த்தையையெல்லாம் டீச்சர் எடுத்துக் குடுத்தாங்க, வகுப்புல பாட்டு மறந்த பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி.

அப்புறம் ஆத்துமாக்கள். மாமாவோட அப்பா, அம்மா, பிறந்ததும் போன ஒரு குழந்தை, தெரேசா அத்தை. அத்தோட டீச்சர் நிறுத்தினாங்க. செசிலி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா. அடுத்த பேர் வரலைன்னதும் என் கையைப் பிடிச்சு நசுக்கினா பாருங்க, வளையல் உடைஞ்சது.

நாங்க எழுந்திரிக்கப் போனோம். "உக்காருங்க"ன்னாங்க டீச்சர். "முன்னால ஒரு பேர் விட்டுப்போச்சு." செசிலியை அப்பதான் முதல்தடவையா நேராப் பாத்தாங்க. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு. "பிள்ளை பேர் என்னம்மா?"

செசிலி மாமாவைப் பாத்தா, தரையைப் பாத்தா. "செந்தில்நாதன்"னா.

அர்ச்சியசிஷ்டவர், அதான் புனிதர், பேர் இல்லாத ஒரு பிள்ளை அந்த வீட்டுல அதுவரைக்கும் கிடையாது. டீச்சர் முதுகை நிமித்திக்கிட்டாங்க.

"செந்தில்நாதன்!"

குழந்தை நல்ல தூக்கத்துல இருந்துச்சு. அதுக்காகப் பதில் சொல்ல செசிலி வாயைத் திறந்தா. அதுக்குள்ள மாமா தொண்டையைச் செருமினார். வாழ்நாள் முழுக்க "ம்"னு ஒத்தை எழுத்துல பதில் சொல்லிட்டிருந்த மனுஷன், மடியில இருந்த பேரப்பிள்ளையைக் கையால அணைச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உக்காந்து சொன்னார்.

"உள்ளேன் டீச்சர்."

சமையல்கட்டுல சோறு அடிபிடிச்ச வாடை வந்துச்சு. யாரும் எழுந்திரிக்கல. நானும்தான்.